மூச்ச மட்டும் வெட்டாதீங்க

அந்தப் பாட்டுக்கு வெளிநாட்டில் என்ன பேர் என்று எனக்கு ரொம்ப வருஷம் தெரியாது. ஆம்பூரில் அதற்குப் பேர் 'தோலப் போடு'. ஷூ கம்பெனியில் வேலை பார்த்த எங்களுக்கு மட்டுமா? கல்யாண பேண்டு செட்டுக்காரர்களுக்கும், ஆட்டோக்காரர்களுக்கும், பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளை ஆடப் பழக்கிய டீச்சர்களுக்கும் அது அந்தப் பேரில்தான் பழக்கம். பாட்டு முழுக்க டம் டம் என்று மிஷின் தாளம். நடுவில் ஒரு பெண் அடிவயிற்றிலிருந்து குரலெடுத்து இரண்டே வார்த்தைகளைத் திரும்பத் திரும்பக் கூவுவாள். மற்ற ஊர்களில் அது எப்படிக் கேட்டதோ, எங்கள் காதில் 'தோலப் போடு, தோலப் போடு' என்றுதான் விழுந்தது. தோல் வெட்டுகிற கட்டிங் பிரிவில் சூப்பர்வைசர் நாள் பூராவும் கத்துவதும் அதே இரண்டு வார்த்தைதான். அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

சந்தேகம் வந்தது ஒருத்திக்கு மட்டும். ஸ்டிச்சிங் லைனில் எனக்குப் பக்கத்து மிஷின். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அக்கா என்றே எழுதுகிறேன். பேரைச் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

அக்காவுக்கு மூச்சு கேட்கும். மற்றவர்களுக்கும் கேட்கும்தான், ஆனால் அறுபது தையல் மிஷின் ஒரே நேரத்தில் ஓடுகிற ஹாலில் யாருக்குக் கேட்கும்? அவளுக்குக் கேட்டது. குனிந்து ஷூவின் மேல்பாகத்துக்குத் தையல் போட்டுக்கொண்டே, "பேச்ச நிறுத்து, வர்றாரு" என்பாள். திரும்பிப் பார்த்தால் நாலு அடி தூரத்தில் சூப்பர்வைசர் நிற்பார்.

"எப்படிக்கா தெரிஞ்சுது?"

"அவருக்கு ஒரு பக்கம் மூக்கு அடைப்பு. விசில் மாரி வரும்."

ஒருநாள் மூன்றாவது மிஷின் பெண்ணைக் கூப்பிட்டு, "நீ டாக்டரப் போய்ப் பாரு" என்றாள். அவள் மிரண்டுபோய், "இன்னாத்துக்குக்கா? எனக்கு ஒண்ணும் இல்லியே" என்றாள். "மாடிப்படி ஏறுறப்ப ரெண்டு பேரு மூச்சு வுடுற. போய்ப் பாரு, சொல்றேன்" என்றாள் அக்கா. அடுத்த வாரம் அந்தப் பெண் ஆற்காட்டு மக்கன் பேடா டப்பாவோடு வந்து, முதல் பேடாவை அக்கா வாயில் திணித்தாள். அதற்கப்புறம் லைனில் கல்யாணமான பெண்கள் எல்லாரும் அக்காவின் பக்கத்தில் வரும்போது மூச்சை அடக்கிக்கொண்டு நடந்தார்கள். அவளுக்கு அதிலும் சிரிப்புதான்.

"என் மூச்சு எப்படி இருக்குதுக்கா?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"நீ எங்கடி மூச்சு வுடுற? அடுத்தவங்க வூட்ல அரிசி திருடுற மாரி, கொஞ்சம் கொஞ்சமா எடுத்து மடியில போட்டுக்கிற."

அப்போது விழுந்து விழுந்து சிரித்தேன்.

அந்தக் காது எங்கே பழகியது என்பதை ஒரே ஒரு தரம் சொல்லியிருக்கிறாள். ஆற்காட்டுக்கு அந்தப் பக்கம் கலவை என்கிற ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மூன்று வருஷம் இருந்துவிட்டு ஒரு துணிப்பையோடு ஆம்பூருக்கு வந்துவிட்டவள். சர்ச்சுக்குப் பின்னால் ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, ஏதோ கத்தரிக்காய் விலை பேசுகிற மாதிரி சொன்னாள்: "அவன் தெருவுல வர்றப்பவே எந்த மூச்சுல வர்றான்னு கேட்டுக்கினே உக்காந்திருப்பேன்டி. நல்ல மூச்சுன்னா சோறு போடுவேன். கெட்ட மூச்சுன்னா பின்கதவு வழியா போய் பக்கத்து வூட்ல நின்னுக்குவேன். அங்க கத்துக்கிட்டதுதான்." அதற்கப்புறம் நான் அவளிடம் அந்தக் காதைப் பற்றிக் கேலி பேசவில்லை.

'தோலப் போடு' வந்த கதையைச் சொல்கிறேன். புது மாடல் பழக்கிக்கொடுக்க இத்தாலியிலிருந்து ஒரு டெக்னீசியன் வந்திருந்தார். சாம்பிள் ரூமில் அவர் வேலை செய்யும்போதெல்லாம் ஒரு சின்ன டேப்ரிக்கார்டர் பாடிக்கொண்டிருக்கும். ஊருக்குத் திரும்புகிற அன்று அந்தக் கேசட்டைக் கேன்டீன்காரரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கேன்டீன்காரர் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் போட்டார். டம் டம் என்று அரை நிமிஷம் ஓடி, அந்தக் குரல் கூவியது. கட்டிங் பிரிவில் வயசான அண்ணன் ஒருத்தர் சோற்றுக் கையோடு எழுந்து நின்று, "சாப்புடுறப்பகூட வுடமாட்டாங்களா? தோலப் போடு, தோலப் போடுன்றாங்க" என்றார். கேன்டீனே அதிர்ந்தது. தட்டு, டம்ளர், டிபன் பாக்ஸ் மூடி, கையில் கிடைத்ததையெல்லாம் தட்டித் தாளம் போட்டார்கள். பாட்டுக்குப் பேர் வைத்தது அன்றைக்குத்தான்.

அக்கா மட்டும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூச்சு எங்கடி?" என்றாள்.

"எந்த மூச்சு?"

"இவ்ளோ பெரிய குரல்ல கத்துறா. ஒரு தபாகூட மூச்சு இழுக்கலையே. அப்படிக் கத்துனா மனுஷி மயங்கி வுழுந்துடுவா."

மறுபடி போடச் சொல்லிக் கேட்டாள். மூன்றாவது தரம் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "வெட்டிட்டாங்கடி. நாம பீஸ் வெட்டி ஒட்டுறோம்ல, அதே மாரி இவ குரல்ல ஒரு துண்டு வெட்டி வெச்சிக்கினு, அதையே திரும்பத் திரும்பத் தெச்சிருக்காங்க. இவ இந்தப் பாட்டப் பாடவே இல்ல. வேற எதையோ பாடிக்கினு இருந்திருக்கா."

"உனக்கு வேற வேலயே இல்லக்கா" என்று சொல்லிவிட்டு நான் கை கழுவப் போனேன்.

ஒரு மாதத்துக்குள் பாட்டு ஊர் முழுக்கப் பரவியது. பஜாரில் கேசட் பதிந்துகொடுக்கிற பாய் கடையில் அந்தப் பாட்டுக்காரியின் பெரிய படம் ஒட்டியிருந்தார்கள். ஒல்லியான வெள்ளைக்காரப் பெண். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கேபிள் டிவியிலும் அவள்தான் வந்து வாயசைத்து ஆடினாள். அக்கா படத்தைப் பார்த்துவிட்டு நேரே பாயிடம் போனாள்.

"பாய், இந்தப் பொண்ணு பாடல."

"ஏம்மா, டிவியிலயே காட்டுறான். வாய் அசையுதே."

"வாய் யாருக்கு வேணாலும் அசையும். பாடுறவங்க மூச்சு இழுக்கறப்ப கழுத்துல இங்க ஒரு குழி வுழும். இவளுக்கு வுழல."

"பேஜார் பண்ணாதேம்மா. கேசட் வேணுமா, வேணாமா?"

"குடு பாய். பாடுனவளுக்காக வாங்கிக்கிறேன்."

அதிலிருந்து நாங்கள் அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் பாய் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்: "இன்னாம்மா, உங்காளு மூச்சு வுட்டுச்சா?" அக்காவும் சளைக்காமல், "இன்னும் வுடல பாய், கேட்டுக்கினே இருக்கேன்" என்பாள்.

அக்காவே பாடுகிறவள் என்பதை இன்னும் சொல்லவில்லை. சொல்லத் தயக்கமாக இருக்கிறது, அதனால்தான் சுற்றிக்கொண்டிருக்கிறேன். எங்கள் சர்ச் சபையின் பாடகர் குழுவில் அவள் பாடினால் ஞாயிற்றுக்கிழமை பின்வரிசையில் தூங்குகிற பெரியவர்கள்கூட விழித்துக்கொள்வார்கள். பாட்டின் முதல் வார்த்தைக்கு முன்னால் அவள் ஒரு மூச்சு இழுப்பாள். கிணற்றில் வாளி இறங்கி நிறைகிற மாதிரி, அவசரமில்லாமல். அந்த மூச்சுக்கே எனக்கு உடம்பு சிலிர்க்கும். அவள் பக்கத்தில் நின்று அல்லேலூயா மட்டும் சொல்லுகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி.

விளைச்சலைச் சர்ச்சுக்குக் கொண்டுவந்து ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகைக்கு அந்த வருஷம் அக்கா ஒரு விஷமம் செய்தாள். கீபோர்டு வாசிக்கிறவரைத் தனியாகக் கூப்பிட்டு, பழைய கீர்த்தனை ஒன்றுக்கு அடியில் 'தோலப் போடு' தாளத்தைப் போடச் சொன்னாள். பந்தலில் பூசணிக்காயும் வாழைத்தாரும் ஏலத்துக்குக் காத்திருக்க, அந்தத் தாளத்தில் கீர்த்தனை கிளம்பியது. பாட்டிமார்கள் எல்லாம் கைதட்டிப் பாடினார்கள். போதகர் எழுந்து, "இப்படி உயிரோட பாடி ரொம்ப நாளாச்சு" என்று மெச்சினார். கம்பெனிக்காரர்கள் நாங்கள் இருபது பேர் மட்டும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றோம்.

அதிலிருந்துதான் கேசட் யோசனை வந்தது. புதுக் கட்டடத்துக்காகச் சபையே பாட்டுக் கேசட் போடலாம் என்று கமிட்டியில் முடிவானது. வேலூரில் ஒரு சின்ன ரெக்கார்டிங் அறை. எட்டுப் பாட்டும் அக்கா பாடினாள். நானும் இன்னும் மூன்று பேரும் பின்னால் அல்லேலூயா, ஆமென். ஒலிப்பதிவு செய்தவர் காதிலிருந்த கருவியைக் கழற்றிவிட்டு வந்து, "அம்மா, ஒவ்வொரு வரிக்கு முன்னாடியும் மூச்சு சத்தம் ஜாஸ்தியா கேக்குது. வெட்டிடறேன், சுத்தமா இருக்கும்" என்றார்.

அக்கா இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டாள். "வேற எதுன்னா வெட்டிக்கோங்க சார். மூச்ச மட்டும் வெட்டாதீங்க. வெட்டுனா அது நான் இல்ல."

அவர் என்ன நினைத்தாரோ, சரி என்று விட்டுவிட்டார்.

அட்டை அச்சடிக்கிற நேரத்தில் கமிட்டிச் செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உன் போட்டோ நல்லதா ஒண்ணு குடும்மா. அட்டையில போடணும்" என்றார். எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். "அவ புருஷன வுட்டுட்டு வந்தவ. அவ படத்தையும் பேரையும் போட்டா, சபை இதுக்கெல்லாம் தொண போவுதுன்னு நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. நீயும்தானே பாடியிருக்க? தப்பு ஒண்ணும் இல்ல."

நான் பாடியிருந்தது இருபது அல்லேலூயா. 'அது நியாயமில்லைங்க ஐயா' என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொல்லவில்லை. பயம் மட்டும் காரணம் என்றால் பரவாயில்லை, எனக்கு ஆசையாகவும் இருந்தது. என் முகம் அட்டையில் வரும், கடையில் தொங்கும், நாலு பேர் பார்ப்பார்கள். இதை மறைத்துவிட்டு அக்காவைப் பற்றி எழுதினால் அவளைப் பற்றி எழுதியதாகவே ஆகாது.

கேசட் வந்தது. 'பாடியவர்' என்று என் பேர். ரெட்டை ஜடையில் என் சிரிப்பு. கம்பெனி பஸ்ஸில் அக்கா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என் காதுக்குள் ரத்தம் டம் டம் என்று அடித்தது.

"போட்டோ நல்லா வந்திருக்குதுடி. ஸ்டுடியோக்காரன்தான் பவுடர ஜாஸ்தி அப்பிட்டான்."

"அக்கா, நான் வேணாம்னுதான்..." என்று பொய் சொல்ல ஆரம்பித்தேன்.

"மூச்ச வெட்டலையே?"

"இல்லக்கா. கேட்டுப் பாத்துட்டேன். அப்படியேதான் இருக்குது."

"அது போதும்" என்று கேசட்டை என் மடியில் வைத்தாள். பஸ் இறங்கும்போது என் தலையில் ஒரு தட்டு தட்டி, "தோலப் போடு பொண்ணு" என்றாள். அவள் என்மேல் காட்டிய கோபம் மொத்தமும் அவ்வளவுதான். அது போதும் என்று அவள் சொன்னதை நானும் வசதியாக நம்பிக்கொண்டேன்.

அந்த அட்டையைப் பார்த்துத்தான் எனக்குக் கல்யாணம் வந்தது. காட்பாடியில் ஒரு குடும்பம். மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரி ஆபீஸில் வேலை. கன்வென்ஷன் கூட்டத்தில் விற்ற கேசட்டை மாப்பிள்ளையின் அப்பா வாங்கிப்போய், வீட்டில் காலை ஜெபத்துக்கு அதையே போட்டுக்கொண்டிருந்தாராம். "பாடுற பொண்ணு, பக்தியான பொண்ணு, வேற இன்னா வேணும்?" என்று ஒரு சனிக்கிழமை மத்தியானம் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். வீட்டில் நான் ஒரே பெண் என்பதால் பஜ்ஜி போட அம்மா அக்காவைக் கூப்பிட்டிருந்தாள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. மாப்பிள்ளையின் அத்தை காப்பியைக் குடித்துவிட்டு, "எங்கம்மா, அந்த மூணாவது பாட்டப் பாடு. நேர்ல ஒரு தபா கேக்கணும்" என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்தாள். சமையல்கட்டிலிருந்து அக்கா பஜ்ஜித் தட்டோடு வந்தாள்.

"அவளுக்குத் தொண்ட சரியில்லைங்க. ரெக்கார்டிங்ல ரொம்பக் குரல் குடுத்துட்டா. கொஞ்ச நாளைக்குப் பாடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"அடடா. நீ யாரும்மா?"

"ஒண்ணா வேல செய்யறோம்."

"அப்ப நீயாவது ஒரு கீர்த்தன பாடேன். நல்ல காரியத்துக்கு வந்துட்டு ஒரு பாட்டுகூட இல்லாம எப்படி?"

அக்கா தட்டைக் கீழே வைத்தாள். நிமிர்ந்து ஒரு மூச்சு இழுத்தாள். எனக்குத் தெரிந்த மூச்சு. பாட்டுக்கு முன்னால் அவள் இழுக்கிற அதே மூச்சு. பாடிவிடப் போகிறாள், ஒரே வரியில் எல்லாம் தெரிந்துவிடும் என்று நான் முந்தானையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதைவிட மோசம், பாடட்டும் என்றும் ஒரு மனசு சொன்னது.

"எனக்குப் பாட்டு வராதுங்க" என்றாள் அக்கா.

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர்கள் கிளம்பியபின் நான் சமையல்கட்டுக்கு ஓடினேன். டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க்கா அப்படிச் சொன்ன?"

"பின்ன இன்னாடி சொல்றது? நான் வாயத் தொறந்தா உன் கல்யாணம் நின்னுடும். என்னோடதுதான் நின்னு போச்சு, உன்னோடதாவது ஓடட்டும்."

நான் அவள் முதுகில் முகத்தை வைத்து அழுதேன். "மூச்ச வுட்டு அழு, திருடித் திருடி அழுவாத" என்று அப்போதும் கிண்டல் செய்தாள்.

என் கல்யாணத்தில் பாடகர் குழு பாடியது. அக்கா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், பாடவில்லை. நான் காட்பாடி வந்த மாதமே அவள் கம்பெனியை விட்டு நின்றுவிட்டதாக அம்மா சொன்னாள். ஆலங்காயத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாளாம். ஆலங்காயம் என்ன அமெரிக்காவா? பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். நான் போகவில்லை. அவளைப் பார்த்தால், 'என் வீட்டுக்கு ஒரு தரம் வாக்கா' என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் வருவாள். வந்தால் என் மாமனார் காலை ஜெபத்தில் அந்தக் கேசட்டைப் போடுவார். அவள் என் வீட்டில் உட்கார்ந்து தன் குரலைக் கேட்டுக்கொண்டு, நன்றாகப் பாடுகிறாள் என்று என்னைப் பாராட்ட வேண்டியிருக்கும். இதை நினைத்து நினைத்தே வருஷங்களைத் தள்ளிவிட்டேன்.

காட்பாடியில் என் தொண்டை மட்டும் சரியாகவே இல்லை. கிறிஸ்துமஸ் வந்தால் தொண்டை, அறுப்பின் பண்டிகை வந்தால் தொண்டை. மாமியார் மிளகும் பனங்கற்கண்டும் சித்தரத்தையும் கொடுத்துக் கொடுத்துக் களைத்துப்போனார். என் வீட்டுக்காரர் மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார். ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்க்கிற மனிதர் ஒருநாளும் என்னைத் தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை. நல்லவேளை, மறதிக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணமாகிப் பத்து வருஷம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். ஆங்கில சேனல் ஒன்றில் அந்தத் தாளம் கேட்டது. டம் டம். "அய்யோ, தோலப் போடு!" என்று கத்திவிட்டேன். ஒரு காலத்தில் உலகமெல்லாம் ஆடிய பாட்டுகளின் கதையைச் சொல்லுகிற நிகழ்ச்சி. ஆங்கிலம் எனக்கு அரைகுறை, வீட்டுக்காரர் அப்படியே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஒரு கடைக்குப் பின்னால் இருந்த அறையில் இரண்டு ஆண்கள் மிஷின் தாளம் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார்களாம். வேறு ஒரு பாட்டுக்காக ஒரு சர்ச் பாடகியைக் கூப்பிட்டு ஒரு மத்தியானம் பாடவைத்தார்கள். அந்தப் பாட்டு வெளியே வரவில்லை. கொஞ்ச நாள் கழித்து அவள் குரலிலிருந்து ஒரு துண்டை வெட்டி இந்தத் தாளத்தில் ஒட்டினார்கள். பாட்டு பிடித்துக்கொண்டது. அவள் குண்டு, வயசானவள் என்று அட்டைக்கு ஒரு ஒல்லிப் பெண்ணைப் பிடித்து நிறுத்தினார்கள். பாடியவளுக்கு இது எதுவும் தெரியாது. சந்தையில் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கடை ரேடியோவில் தன் குரல் கேட்டதாம். இது நான் என்று சொன்னாளாம். காய்க்காரன் சிரித்தானாம். ரொம்ப வருஷம் போராடி, கடைசியில் அட்டையை மாற்றி அவள் பேரைப் போட்டார்கள்.

அந்த இரண்டு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்றும் அவளிடம் கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றாள். ஒரு வரியின் வாலையும் இன்னொரு வரியின் தலையையும் சேர்த்து ஒட்டியதாம். எந்தப் பாஷையிலும் அப்படி ஒரு வார்த்தை கிடையாதாம். உலகத்திலேயே அதற்கு அர்த்தம் தெரிந்தவர்கள் ஆம்பூர்க்காரர்கள்தான் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கடைசியில் அந்தம்மாளைத் தன் வீட்டுச் சமையலறையில் உட்காரவைத்துப் பாடச் சொன்னார்கள். பாடுவதற்கு முன்னால் அவள் மூச்சு இழுத்தாள். கழுத்தில் ஒரு குழி விழுந்தது.

அக்கா, அவ மூச்சு வுட்டுட்டாக்கா.

நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். வீட்டுக்காரர் டிவியை நிறுத்தினார். "நான் ஒண்ணு சொல்லணும்" என்றேன். "அந்தக் கேசட்டுல பாடுனது நான் இல்லைங்க."

"தெரியும்" என்றார்.

"எப்படி?"

"நீ தூங்கும்போது வுடுற மூச்சு எனக்குத் தெரியாதா? அப்பகூட கொஞ்சம் கொஞ்சமா பயந்துக்கினே எடுக்கிற. கேசட்டுல மூச்சு இழுக்கறவங்க வேற யாரோ. கல்யாணமான மாசமே தெரியும்."

"ஏங்க சொல்லல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன். தொண்ட கட்டு பத்து வருஷமாவா இருக்கும்?" என்று சிரித்துவிட்டு, "அவங்க பேரு இன்னா?" என்று கேட்டார்.

சொன்னேன். அந்த வீட்டில் அவள் பேரை நான் சொன்னது அதுதான் முதல் தரம்.

அடுத்த சனிக்கிழமையே இரண்டு பேரும் ஆலங்காயம் போனோம். தங்கை வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். பக்கத்து வீட்டம்மாளுக்கு அக்காவை நன்றாக ஞாபகம் இருந்தது. "ஓசூர் பக்கம் ஏதோ கம்பெனின்னு போய்ட்டாங்க. அஞ்சாறு வருஷமாச்சு. தங்கமான மனுஷி. வர்றவங்க மூச்ச வெச்சே ஆளச் சொல்லிடும்" என்றார்.

"இங்க சர்ச்சுல பாடுவாங்களா?" என்று கேட்டேன்.

அந்தம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பாட்டா? நாங்க எவ்ளோ கூப்பிட்டோம். தனக்குப் பாட்டே வராதுன்னுட்டாங்களே."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தப் 'பாட்டு வராது'தான் என் காதில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்காக ஒரு மத்தியானத்துக்குச் சொன்ன பொய் என்று நினைத்திருந்தேன். அவள் அதை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். ஓசூருக்கு மூன்று தரம் போய் வந்தோம். கம்பெனி கம்பெனியாக வாசலில் நின்று கேட்டோம். கிடைக்கவில்லை.

போன வருஷம் ஆம்பூர் சபையில் அந்தப் பழைய கேசட்டை சிடியாகப் போடப்போவதாகச் சொல்லி, என்னிடம் புதுப் படம் கேட்டு ஆள் அனுப்பினார்கள். நேரே போய்க் கமிட்டிக்கு முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். பழைய செயலாளர் இறந்துவிட்டார். இப்போது இருப்பவர்கள் சின்ன வயசுக்காரர்கள். திகைத்துப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தார்கள். புதுப் போதகர் பேனாவை எடுத்துக்கொண்டு, "பேரச் சொல்லுங்கம்மா, அட்டையில போட்டுடலாம்" என்றார்.

வாயைத் திறந்தேன், சொல்லவில்லை. ஒரு தரம் அவளைக் கேட்காமல் அட்டையில் பேர் போட்டாகிவிட்டது. இரண்டாம் தரமும் கேட்காமல் போட்டால் அது எனக்கு நிம்மதியாக இருக்கும், அவளுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கலவைக்காரன் உயிரோடு இருக்கிறானா, அவள் பேர் அவன் கண்ணில் பட்டால் என்ன ஆகும், அதுவும் தெரியாது. அதனால் சிடி அட்டையில் படம் இல்லை. 'பாடியவர்' என்று அச்சடித்து, பக்கத்தில் ஒரு பேர் எழுதுகிற அளவுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். இங்கேயும் அதே காரணத்துக்காகத்தான் எழுதவில்லை.

முதல் பாட்டுக்கு முன்னால் அந்த மூச்சு அப்படியே இருக்கிறது. சிடியாக்கிய பையனிடம், "வேற எதுன்னா வெட்டிக்கோப்பா, இத மட்டும் வெட்டாத" என்று சொல்லி, நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேன். அக்கா, ஓசூரிலோ வேறெங்கோ, காய்க்கடையிலோ பஸ்ஸிலோ, அது உன் காதில் விழுந்தால் உனக்குத் தெரிந்துவிடும். உன் காதுக்குத் தப்பாது. ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா, உன் பேரப் போடட்டுமா?